பத்தொன்பது வயது என்று சொன்னவள்

வீடியோ கால் வைத்து வகுப்பு நடத்துவதைப் பற்றிப் புதிய ஆசிரியர்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும், வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழ வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். மைக்கை மூடி வைத்துக்கொண்டு பாதிப் பாடத்தை நடத்தி முடித்த ஆள் நான். பிள்ளைகள் பாவம், மரியாதைக்காகச் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதனால் அந்தச் சங்கதியை விட்டுவிடுகிறேன். ஒரே ஒரு நாளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கிற இந்த நேரத்திலும் அது என்னை விட்டுப் போகவில்லை.

ஆரணியில் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் சமூக அறிவியல் ஆசிரியையாக இருந்தேன். துறைமுகம் என்று பாடத்தில் வந்தால், துறைமுகத்தில் வேலை செய்கிற யாரையாவது தேடிப் பிடித்து, அவர் கைப்பேசி வழியாகவே கப்பலைக் காட்டச் சொல்வேன். தேயிலை என்று வந்தால் தோட்டத்துக்காரர் ஒருவர். கரும்பலகையில் நான் வரைகிற கப்பல் சோப்பு டப்பாவைப் போல இருக்கும் என்பதால் பிள்ளைகளுக்கும் அது பிடித்திருந்தது. "மிஸ், இன்னைக்கு யாரைக் கூப்பிடப் போறோம்?" என்று வாசலிலேயே நின்று கேட்பார்கள்.

இதோடு இன்னொரு வழக்கமும் வைத்திருந்தேன். ஜோடிப் படிப்பு. இரண்டு இரண்டு பேராகச் சேர்த்துவிடுவேன். சாயங்காலம் அவரவர் வீட்டிலிருந்து வீடியோ காலில் ஒருத்தி கேள்வி கேட்க வேண்டும், மற்றவள் பதில் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் இதில் ஒரு சிக்கல் உண்டு. பாதிப் பிள்ளைகளின் வீட்டில் தறி ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்தில் போனில் யார் என்ன பேசினாலும் காதில் விழாது. அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். பேச வேண்டாம், தாளில் எழுதிக் காட்டுங்கள் என்றேன். ஒருத்தி கேள்வியை எழுதிக் காட்டுவாள், மற்றவள் பதிலை எழுதிக் காட்டுவாள். தவறாக எழுதினால் சிரித்துக்கொள்வார்கள். அடுத்த தேர்வில் மதிப்பெண் கூடியபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்துப் பள்ளிகளுக்கெல்லாம் போய் இதைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன்.

மேகலாவும் கஸ்தூரியும் அப்படி ஒரு ஜோடி. ஒன்பதாம் வகுப்பு. மேகலா பட்டு நெசவுக்காரர் வீட்டுப் பெண். அந்த வருடம் முடிந்ததும் அவளுடைய அப்பா வந்து மாற்றுச் சான்றிதழ் கேட்டார். "தேசூர்ல அவ அத்தை வூட்டுல இருந்து படிக்கப் போறா மேடம்" என்றார். மேகலா அவருக்குப் பின்னால் தலையைக் குனிந்தபடி நின்றாள். பள்ளி மாறுகிற வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன். நன்றாகப் படி என்று சொல்லி அனுப்பினோம்.

ஜூன் மாதம் புதுத் தலைமையாசிரியை வந்தார். என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர். அதிகம் பேச மாட்டார். எதைச் சொன்னாலும் ஒரு நிமிடம் சும்மா இருந்துவிட்டுத்தான் பதில் சொல்வார். அந்த ஒரு நிமிடம் எனக்கு எரிச்சலாக இருக்கும். இவருக்கு ஒன்றும் தெரியவில்லை, அதனால்தான் யோசிக்கிறார் என்று ஓய்வறையில் நானே சொல்லியிருக்கிறேன்.

பத்தாம் வகுப்பில் தொழில் தொகுப்புகள் என்று ஒரு பாடம் வரும். நெசவு நமக்குத் தெரியும், நூல் எங்கிருந்து வருகிறது என்று காட்டலாமே என்று, மேற்கே உள்ள ஒரு நூற்பாலைக்கு எழுதிக் கேட்டேன். அவர்கள் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார்கள். ஆட்களைக் கவனிக்கிற பிரிவில் வேலை செய்யும் ஓர் இளைஞர் தன் கைப்பேசியோடு ஆலை முழுக்க நடந்து காட்டுவதாக ஏற்பாடு.

அன்று பெரிய திரை இருக்கிற அறையில் பிள்ளைகளை உட்கார வைத்தோம். ஆளுக்கு ஒரு கேள்வியைச் சின்ன அட்டையில் எழுதி வைத்திருந்தார்கள். தலைமையாசிரியை கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார். அந்த வருடம்தான் புதிதாகச் சேர்ந்திருந்த கணினி ஆசிரியை ஓரத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார். படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடாவிட்டால் நிகழ்ச்சியே நடக்கவில்லை என்று ஆகிவிட்ட காலம் இது. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"வணக்கமுங்க மேடம். சத்தம் கேக்குதுங்களா?" என்று அந்த இளைஞர் ஆரம்பித்தார். பஞ்சு மூட்டைகளைக் காட்டினார். பஞ்சு சுத்தமாகி, முறுக்கேறி, நூலாகிற வரிசையைக் காட்டினார். தொப்பியும் முகக்கவசமும் போட்ட பெண்கள் இயந்திரங்களுக்கு நடுவே போய் வந்துகொண்டிருந்தார்கள். பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்போதுதான் அவர் சொன்னார்: "உங்க ஊர்ப் பொண்ணு ஒண்ணு இங்க இருக்குதுங்க மேடம். நல்ல சுறுசுறுப்பு. பேசச் சொல்லட்டுங்களா?"

"கூப்பிடுங்க, கூப்பிடுங்க" என்றேன்.

ஒரு பெண் வந்து நின்றாள். முகக்கவசத்தை இறக்கினாள். கைப்பேசியைப் பார்க்காமல், அதற்குப் பின்னால் இருக்கிற அந்த இளைஞரைப் பார்த்தபடி ஒப்பித்தாள். "வணக்கம். என் பேரு சுகன்யா. எனக்கு வயசு பத்தொம்போது. பன்னெண்டாவது முடிச்சிருக்கேன். நானா இஷ்டப்பட்டுதான் வேலைக்கு வந்தேன்."

வயதை யாரும் கேட்கவில்லை. இஷ்டப்பட்டு வந்தாயா என்றும் யாரும் கேட்கவில்லை.

அவள் மேகலா. தேசூரில் அத்தை வீட்டிலிருந்து படித்துக்கொண்டிருக்க வேண்டிய பதினைந்து வயது மேகலா. சுகன்யா அவளுடைய அக்கா. அவளும் என்னிடம் படித்தவள்தான். களம்பூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கொஞ்ச நாள் முன்புதான் கைக்குழந்தையோடு அவளைப் பேருந்து நிலையத்தில் பார்த்திருந்தேன். மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவளுக்கு எந்தப் பள்ளி என்று யாரும் சொல்லியிருக்கவில்லை போலிருக்கிறது. ஒப்பித்து முடித்துவிட்டுத்தான் கைப்பேசியைப் பார்த்தாள். அதில் எங்கள் அறை கையகலத்துக்குத்தான் தெரிந்திருக்கும். ஆனால் அவளுக்கு அது போதும். அவளோடு ஒன்றாகப் படித்த வகுப்பு முழுவதும் அங்கே உட்கார்ந்திருந்தது. அவள் முகத்திலிருந்து இரத்தம் இறங்கியதை அவ்வளவு பெரிய திரையில் எல்லோரும் பார்த்தோம். கஸ்தூரி எழுந்து நின்றுவிட்டாள். வாய் திறந்தபடி இருந்தது. மேகலாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட இன்னும் ஒரு மூச்சுதான் பாக்கி.

கடைசிப் பெஞ்சிலிருந்து தலைமையாசிரியை எப்போது வந்தார் என்று எனக்குத் தெரியாது. அவர் கை முதலில் போனது மைக்குக்கு. அதை அணைத்துவிட்டு, திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "யாரு?" என்று என்னைக் கேட்டார்.

"நம்ம பொண்ணு. பதினஞ்சு வயசு. வேற பேர் சொல்றா" என்றேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

வழக்கமாக அவர் எடுத்துக்கொள்கிற அந்த ஒரு நிமிடத்தை அன்று எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகளிடம் திரும்பினார். "யாரும் அவ பேரைச் சொல்லக் கூடாது. சொன்னா இன்னைக்கே அவளை அங்கிருந்து மறைச்சிடுவாங்க. அப்புறம் நாம தேடிப் பிடிக்க முடியாது. கஸ்தூரி, உக்காரு. உன் அட்டையைக் கையில எடு."

திரையில் அந்த இளைஞர், "சத்தம் வரலைங்களே மேடம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தலைமையாசிரியை மைக்கைப் போட்டார்.

"இப்ப கேக்குதுங்களா? இங்க நெட் கொஞ்சம் மெதுவா இருக்கு. வணக்கம் சுகன்யா. எங்க பொண்ணுங்க உன்னைச் சில கேள்வி கேக்கணும்னு ஆசைப்படறாங்க. கேக்கலாமா?"

அந்தப் பொய்ப் பெயரை அவர் வாயால் கேட்டதும் எனக்குச் சுரீர் என்றது. கண் முன்னால் ஒரு குழந்தை நிற்கிறது, இவர் நாடகம் ஆடுகிறாரே என்று கோபம் வந்தது. ஆனால் திரையில் மேகலாவின் தோள் மெல்ல இறங்கியது. இவர்கள் என்னைக் காட்டிக்கொடுக்கப் போவதில்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. எனக்குப் புரிவதற்கு முன்பே அவளுக்குப் புரிந்தது.

கஸ்தூரி அட்டையைப் படித்தாள். கண்ணீரில் எழுத்தெல்லாம் அவளுக்கு மறைந்துபோயிருக்க வேண்டும். "அக்கா, பஞ்சு எந்தெந்த ஊர்ல இருந்து வருது?" என்று கேட்டபோது குரல் உடைந்தது. மேகலா ஏதோ பதில் சொன்னாள். அடுத்தவள் கேட்டாள். அதற்கும் பதில் வந்தது. தங்களோடு ஒரே தட்டில் சாப்பிட்டவளை அத்தனை பிள்ளைகளும் அக்கா என்று கூப்பிட்டு, ஒருத்திகூடத் தவறாமல் கேள்வி கேட்டார்கள். பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு ரகசியம் காக்கத் தெரியாது என்று இனிமேல் யாராவது என்னிடம் சொல்லட்டும், பார்த்துக்கொள்கிறேன்.

கேள்விகள் முடிகிற நேரத்தில் மேகலாவே பேசினாள்.

"மேடம், நான் ஒண்ணு கேக்கட்டா? எனக்கு ஒரு தங்கச்சி இருக்கா. ஒம்போதாவது வரைக்கும் படிச்சா. இந்த வருஷம் போவல. அவ இப்ப வந்தா பத்தாவதுல சேத்துப்பீங்களா?"

அட்டைகளைப் பிடித்திருந்த கைகள் எல்லாம் கீழே இறங்கின.

"உன் தங்கச்சி பேரு என்னம்மா?" என்றார் தலைமையாசிரியை.

"மேகலா."

"அவளை நாளைக்கே வரச் சொல்லு. சேத்துக்கறோம்."

"வூட்டுல வுட மாட்டாங்க மேடம். அவ இன்னா சொன்னாலும் அவங்க நம்பறதில்ல."

"நாங்க வீட்டுல பேசறோம். அவ தைரியமா இருக்கட்டும்."

அந்த இளைஞர் சிரித்துக்கொண்டே முகத்தைக் காட்டினார். "பாருங்க மேடம், தங்கச்சி மேல எவ்வளவு பாசம்னு" என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது. நல்ல பையன்தான். பிறகு நேரமாகிவிட்டது என்று வணக்கம் சொன்னார். திரை அணைந்தது. பல பிள்ளைகள் பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள்.

தலைமையாசிரியையின் அறைக்குப் போனதும் நான் குதித்தேன். உடனே போலீசுக்குச் சொல்ல வேண்டும், ஆலை மேல் புகார் கொடுக்க வேண்டும் என்று கத்தினேன். அவர், "குடுக்கணும். ஆனா முதல்ல பொண்ணு, அப்புறம் பேப்பர். வரிசை மாறிடுச்சுன்னா பேப்பர்தான் நம்ம கையில மிஞ்சும்" என்று சொல்லிக்கொண்டே, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலருடைய எண்ணைத் தேட ஆரம்பித்தார். அதைத் தேடி முடிப்பதற்குள் வாசலில் சத்தம் கேட்டது.

மேகலாவின் அப்பா. தறியிலிருந்து அப்படியே எழுந்து வந்த கோலம். கையில் கைப்பேசி.

நடந்தது இதுதான். மேகலா திரையில் வந்து நின்றதுமே கணினி ஆசிரியை ஒரு படம் எடுத்து, "நூற்பாலையில் பணிபுரியும் நம் ஊர் மங்கையுடன் மாணவிகள் கலந்துரையாடல்" என்று எழுதிப் பெற்றோர் குழுவில் போட்டுவிட்டார். அவருக்கு மேகலாவைத் தெரியாது. அந்தக் குழுவோ போன வருடத்துக் குழு. ஒன்பது என்று இருந்ததைப் பத்து என்று மாற்றியதோடு சரி. படிப்பை விட்டுப் போனவர்களின் பெற்றோரை யாரும் நீக்கவில்லை. நீங்கள் எல்லோரும் இன்றைக்குச் செய்துகொண்டிருப்பதுதான். ஒரு படத்தைப் போடும் முன்பு, இதை யார் யார் பார்ப்பார்கள் என்று பார்க்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

"இன்னா மேடம் இது? என் பொண்ணு படத்தை எதுக்கு ஊருக்கே காட்டிகினு இருக்கீங்க?" என்றார் அவர்.

"உக்காருங்க" என்றார் தலைமையாசிரியை. "உங்க எந்தப் பொண்ணு?"

அவர் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். வேறு குரலில் பேசினார். "படத்தைப் பாத்துட்டு, மில்லுக்கு ஆள் சேத்து வுடற ஏஜெண்டுக்குப் போன் போட்டேன் மேடம். அவன், இது பேஜாரா பூடும், சாயந்திரத்துக்குள்ள வேற மில்லுக்கு மாத்திடறேன்றான். எந்த மில்லுன்னு கேட்டா சொல்ல மாட்டேன்றான். போனை வெச்சிட்டான். திரும்ப எடுக்கல."

எனக்கு அவர் மேல் இரக்கம் வரவில்லை. "தேசூர்ல அத்தை வீடுன்னு என் முகத்தைப் பாத்துதானே சொன்னீங்க. ஏன் அனுப்பினீங்க?" என்று கேட்டேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்கதான மேடம் போன் வாங்கிக் குடுக்கச் சொன்னீங்க? தெனம் சாயந்திரம் ஒருத்தன்கூட வீடியோ கால்ல இருப்பா. நான் எதிர்லயே தறியில உக்காந்துகினு இருக்கேன். வாயத் தொறந்து ஒரு வார்த்தை பேச மாட்டா. பேப்பர்ல எழுதி எழுதிக் காட்டுவா. காட்டிட்டுச் சிரிப்பா. நான் எழுந்து போனா மூடிடுவா. நல்ல பேச்சா இருந்தா வாயால பேச வேண்டியதுதான? எதுக்கு எழுதிக் காட்டணும்? தெருவுல நாலு பேர் பாக்கறதுக்கு முன்னாடி அனுப்பிடலாம்னு பாத்தேன். மில்லு ஆஸ்டல்ல போன் வெச்சுக்க வுட மாட்டாங்கன்னு ஏஜெண்டு சொன்னான். அதான் வுட்டேன்."

பேசாதே, எழுதிக் காட்டு என்று சொல்லிக்கொடுத்தது யார்? அதைப் பக்கத்துப் பள்ளிகளிலெல்லாம் போய்ப் பெருமையடித்தது யார்?

"அந்தப் பையன் யாருன்னு தெரியுமா?" என்று கேட்டார் தலைமையாசிரியை.

"தெரியாது. அவ வெச்சிருந்த போன்தான் இது. நம்பரை இன்னும் அழிக்காம வெச்சிருக்கேன்" என்று கைப்பேசியை நீட்டினார். பெயர் பதியாத ஓர் எண். அதற்குப் பக்கத்தில், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மோட்டார் பைக்கில் சாய்ந்து நிற்கிற ஓர் இளைஞனின் படம்.

அந்தப் படத்தை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். என் கைப்பேசியை எடுத்து அந்த எண்ணைத் தேடினேன். அதே பைக், அதே கறுப்புக் கண்ணாடி. ஆனால் என் பிள்ளைகளின் எண்களையெல்லாம் நான் பெயர் போட்டுப் பதிந்து வைத்திருந்தேன். அந்தப் படத்துக்குப் பக்கத்தில் 'கஸ்தூரி' என்று இருந்தது. நான் எப்போதும் அந்தப் பெயரைத்தான் படித்தேன். அவர் எப்போதும் அந்தப் படத்தைத்தான் பார்த்தார்.

இரண்டு கைப்பேசிகளையும் மேசை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவர் மாறி மாறிப் பார்த்தார். கஸ்தூரியை அழைத்து வரச் சொன்னோம்.

"அது எங்க அண்ணன் போன் மாமா" என்றாள் அவள். அழுது அவள் முகம் வீங்கியிருந்தது. "எங்க வூட்டுல அது ஒண்ணுதான் வீடியோ கால் வர்ற போனு. சாயந்திரம் அண்ணன் வெளிய போவ சொல்ல என்கிட்ட குடுத்துட்டுப் போவான். மிஸ் சொன்ன கேள்விங்களைத்தான் எழுதிக் காட்டினு இருந்தோம். அப்புறம் மேகலா எடுக்கறதே இல்ல. என்மேல அவளுக்கு ஏதோ கோவம்னு நெனச்சுகினு இருந்தேன்."

அவர் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். அந்தத் துணிக்குள்ளிருந்துதான் பேசினார். "படவேட்டம்மா மேல சத்தியம் பண்ணா மேடம். என்னைப் பாத்து, 'அது கஸ்தூரி, நைனா, கஸ்தூரி, நைனா'ன்னு சொல்லிகினே இருந்தா. ஆம்பளைப் பையன் படம் கண்ணுக்கு எதிர்ல தெரியுது, கஸ்தூரின்றியான்னு அடிச்சேன்."

நான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன். ஒரு வீட்டில் ஒரே ஒரு கைப்பேசி இருக்கும், அது அண்ணனுடையதாக இருக்கும், அதில் அண்ணன் படம்தான் இருக்கும் என்பது எனக்குத் தெரியாதா? எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு அப்படித்தான். பாட்டி படத்தோடு கூப்பிடுகிறவளும் உண்டு, முருகன் படத்தோடு கூப்பிடுகிறவளும் உண்டு. யாருக்கும் அது தப்பாகத் தெரிந்ததில்லை. தெரியாமல் இருந்ததுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. பிள்ளைகளை ஜோடி சேர்த்துவிடும்போது, எதிரில் யார் பேசப் போகிறார்கள் என்று வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இரண்டு வீட்டுப் பெரியவர்களையும் ஒரு முறை அதே காலில் முகம் பார்க்க வையுங்கள். இதற்கு எந்தப் பயிற்சியும் வேண்டியதில்லை.

தலைமையாசிரியை அவரைத் திட்டவில்லை. அவருக்காக உச்சுக்கொட்டவும் இல்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "சாயந்திரத்துக்குள்ளன்னு ஏஜெண்டு சொல்லியிருக்கான். காலையில பேசின தம்பி நம்பர் இருக்கு. இப்ப அவருக்கு நீங்க கால் போடுங்க. வீடியோ கால்" என்றார்.

"எனக்கு அவ மூஞ்சியைப் பாக்க முடியாது மேடம்."

"உங்க மூஞ்சியை அவ பாக்கணும். வெறும் குரல் கேட்டா, ஏஜெண்டு சொல்லிக் குடுத்துப் பேசறீங்கன்னு நெனச்சுப்பா. மறுபடியும் அக்கா பேரைச் சொல்லிட்டு அவன் பின்னாடி வண்டி ஏறிடுவா."

நீங்கள் பதறிக்கொண்டு படிப்பீர்கள் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மேகலா திரும்பி வந்தாள். அன்றே ஆலையிலிருந்து விடுதிக் காப்பாளர் அம்மா ஒருவரைத் துணைக்குப் போட்டு அனுப்பினார்கள். அவள் பேருந்திலிருந்து இறங்கியபோது நானும் தலைமையாசிரியையும் அங்கே நின்றோம். அதற்குப் பிறகுதான் பேப்பர் வேலை. ஏஜெண்டு, ஆலை, வேறு யார் யார் அக்கா பேரிலும் அண்ணி பேரிலும் அங்கே இருக்கிறார்கள் என்ற விசாரணை எல்லாம் முறைப்படி நடந்தது. வேறு ஊர்ப் பெண்களும் சிலர் வீடு திரும்பினார்கள். மேகலா பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதித் தேறினாள். ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல நினைத்தது இதையெல்லாம் அல்ல, அந்த மத்தியானத்து வீடியோ காலை.

என் கைப்பேசியிலிருந்துதான் போட்டோம். அந்த இளைஞர் எடுத்தார். பெண்ணின் அப்பா பேச வேண்டும் என்று சொன்னதும், ஓடிப்போய் விடுதி வாசலிலிருந்து அழைத்து வந்தார். அவள் தோளில் பை மாட்டியிருந்தது. வேறு இடத்துக்குக் கிளம்பத் தயாராகச் சொல்லிவிட்டிருக்கிறார்கள்.

"சுகன்யா, உங்கப்பா பேசறாருங்க" என்று அவர் கைப்பேசியை அவளிடம் கொடுத்தார்.

திரையில் அப்பாவைப் பார்த்ததும் அவள் முகம் கல்லாகிவிட்டது. காலையில் எங்களைப் பார்த்தபோது இருந்த பயம்கூட அதில் இல்லை. யாரோ முன்பின் தெரியாதவரைப் பார்ப்பதைப் போலப் பார்த்தாள்.

அவர் கைப்பேசியை இன்னும் கிட்டே கொண்டுவந்தார். "மேகலா" என்றார்.

"சுகன்யாதானுங்க?" என்று பக்கத்திலிருந்து அந்த இளைஞரின் குரல் கேட்டது.

"இல்ல தம்பி. இவ மேகலா. சுகன்யா என் பெரிய பொண்ணு, களம்பூர்ல இருக்கா. இவளுக்குப் பதினஞ்சு வயசு. அக்கா ஆதாரைக் குடுத்து நான்தான் அனுப்பினேன். என்ன கேஸ் போட்டாலும் என்மேல போடுங்க. இவளை வேற எங்கயும் அனுப்பாதீங்க."

மேகலா அசையவில்லை.

"கஸ்தூரி இங்கதான் நிக்கிறாம்மா. அவங்க அண்ணன் போனாமே அது. எல்லாத்தையும் சொல்லிட்டா. நீ சொன்னதையேதான் அவளும் சொல்றா" என்றார்.

திரை சட்டென்று இருண்டது.

அவர் கைப்பேசியைத் தூக்கிப் பார்த்தார், லேசாகத் தட்டிப் பார்த்தார். என் பக்கம் திரும்பினார். "நெட்டு பூடுச்சா மேடம்?"

நான் குனிந்து பார்த்தேன். இணைப்பு இருந்தது. இருட்டின் ஓரத்தில் விரல் இடுக்கு வழியாகச் சிவப்பாகக் கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"போகலைங்க" என்றேன். "அவ கையால கேமராவை மூடியிருக்கா. நீங்க பேசுங்க. கேட்டுகினுதான் இருக்கா."

அவர் அந்த இருட்டுத் திரையைப் பார்த்தபடியே பேச ஆரம்பித்தார்.